அஞ்சாவது வரி

வாங்க தம்பி. சைக்கிளப் பலா மரத்துல சாத்திருங்க, யாரும் தொட மாட்டாங்க. கை கழுவத் தண்ணி அந்தக் குடத்துல இருக்கு. ஒருத்தரா வந்தீங்க? ஒருத்தரா இந்தக் காட்டுக்குள்ள வரக் கூடாது தம்பி, போன வாரங்கூட ஓடைப் பக்கம் காட்டுமாடு நின்னுச்சு. சரி, வந்துட்டீங்க. உக்காருங்க.

கல்லா? எந்தக் கல்லு? பாதை ஓரத்துல அங்கங்க குமிச்சு வச்சிருக்கே, அதக் கேக்குறீங்களா? சொல்றேன். மொதல்ல சாப்பிடுங்க. பசியோட கேட்டா எந்தக் கதையும் எரிச்சலாத்தான் இருக்கும். மொச்சைக் குழம்பு வச்சிருக்கேன், சவ்சவ் கூட்டு இருக்கு. கடைசியா கடுங்காப்பி. உங்காளுங்க எல்லாரும் என் காப்பிய ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிப்பாங்க.

என் பேரு தெரியும்ல? தெரியாமலா வந்திருப்பீங்க. உங்க போன்ல இந்தப் பாதைக்கு என் பேருதான் போட்டிருக்கும். காட்டுங்க பாப்போம். ம்... ‘அன்னக்காமு பாதை’. எழுத்து எறும்பாட்டம் இருந்தாலும் நான் வாசிச்சுருவேன். எட்டாவது வரைக்கும் கீழ விடுதியில தங்கிப் படிச்சவ. இந்த மூங்கப்பள்ளத்துல முப்பது வீடு. எந்த வீட்டுக்குத் தபால் வந்தாலும், பேங்குக் கடுதாசி வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும் அன்னக்காமு வாசிச்சாத்தான் விசயம். நான் வாசிச்சா வாசிச்சதுதான், ஒருத்தர் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. அதெல்லாம் அந்தக் காலம். அந்தக் காலம்னா ரொம்ப இல்ல, போன வருசம்தான்.

அந்தா பாருங்க, நீலக் கதவு போட்ட வீடு. கொடியில பிள்ளத் துணி காயுதே, அதுதான். என் தங்கச்சி குருவம்மா வீடு. இங்க இருந்து சத்தமாப் பேசுனா அங்க கேக்கும். அவ அம்மியில அரைக்கிறது எனக்கு இங்க கேக்கும். ஆனா பேச்சு வார்த்தை இல்ல. பத்து மாசம் ஆச்சு. ஒரு கையெழுத்து தம்பி. ஒரே ஒரு கையெழுத்துக்காகக் கூடப் பொறந்தவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு இருக்கா. நீங்க படிச்சவங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க, இது நாயமான்னு.

மூணு வருசம் முந்தி, தை மாசம், கிரிதர் தம்பி வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கோயம்புத்தூர் பிள்ள, கண்ணாடி போட்டிருக்கும். அதுதான் மொதல்ல வந்தது. நான் வாசல்ல மிளகு காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைஞ்ச பிடி, தடிச்ச டயரு, அப்பிடி ஒரு சைக்கிள உருட்டிக்கிட்டு வந்து நின்னு, ‘அக்கா, இந்தப் பாதை எங்க போகுது?’ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு. இது எங்கயும் போகாது சாமி, இங்கயே நின்னுரும், அதான் எங்க தலையெழுத்துன்னேன். அது சிரிக்கல. சரளை ரோட்டுக்குன்னே செஞ்ச சைக்கிளாம் அது. தார் போட்ட எடத்துல ஓட்டுறதுக்கு இல்லையாம். இந்த மாதிரிப் பாதையத் தேடி ஊரு ஊரா அலையுறாங்களாம். நாங்க இந்தக் கல்லுப் பாதையில நடந்து நடந்து உள்ளங்கால் தேஞ்சவங்க. இதத் தேடி வர்றாங்கன்னா நம்புவனா?

ஆனா வந்தாங்க தம்பி. அடுத்த வாரம் நாலு பேரு. அதுக்கு அடுத்த வாரம் ஒம்போது பேரு. எனக்குத் தெரிஞ்ச பாதையெல்லாம் சொன்னேன். பழைய ஏலக்காய் ஸ்டோர் வழியாப் போற தடம், யானை எறங்குற குட்டை, ரெட்டைப்பாறை ஓடை, நாவ மரத்து வளைவு. கிரிதர் தம்பி எல்லாத்தையும் போன்ல கோடு கோடா இழுத்து, ஒரு நா எங்கிட்டக் கொண்டாந்து காட்டுச்சு. ‘அக்கா, பாதைக்கு உங்க பேரு வச்சுட்டேன்.’

எனக்கு அழுகை வந்துருச்சு. என் வீட்டுக்காரரு போயி ஒம்போது வருசம். பிள்ள குட்டி இல்ல. ஊர்ல என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? பலா மரத்து வீட்டுக்காரி. குருவம்மாவோட அக்கா. தபால் வந்தா மட்டும் அன்னக்காமு. அப்பிடி இருந்தவ பேரக் கோயம்புத்தூர்ல இருந்து பெங்களூரு வரைக்கும் வாசிக்கிறாங்கன்னா எப்பிடி இருக்கும்? தப்பா அது? பேருக்கு ஆசைப்படுறது அப்பிடி என்ன தப்பு?

குழம்பு ஊத்திக்கங்க. காரம் இல்லையே?

இந்த ஊருக்கு ஒரே சங்கடம் ரோடுதான். அய்யன்பாறை வரைக்கும் தார் ரோடு. அங்க இருந்து இங்க ஏழு கிலோமீட்டரு, நீங்க வந்த பாதைதான். உங்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு யாருக்காச்சும் முடியலைன்னா டோலி கட்டணும். போர்வையில ஆளப் போட்டு, மூங்கில்ல கட்டி, எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்கணும். வெயில் காலத்துல மூணு மணி நேரம். மழைன்னா அஞ்சும் ஆகும், ஆறும் ஆகும். டோலிக்கு முன்னால பொம்பளைங்க போகணும். எதுக்குன்னா கல்லுப் பொறுக்க. தூக்குறவங்க டோலியப் பாப்பாங்களா, காலுக்குக் கீழ பாப்பாங்களா? ஒரு கல்லு இடறுச்சுன்னா டோலியே சாஞ்சிரும். அதனால பொம்பளைங்க குனிஞ்சுக்கிட்டே முன்னால ஓடி, பாதையில கெடக்குற கல்லையெல்லாம் பொறுக்கி ஓரமாப் போடணும். எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு நடை பழகுனதுல இருந்து இது தெரியும். டோலி இல்லாதப்ப மட்டும் ஒருத்தரும் இந்தப் பாதையில கல்லத் தொட மாட்டாங்க. தொட்டா பின்னால டோலி வந்துரும்பாங்க.

போன வருசம் மாசி மாசம் ஆளுங்க வந்தாங்க. சங்கிலி போட்டு அளந்தாங்க, பாறையில சுண்ணாம்புக் கோடு போட்டாங்க. ரோடு சாங்சன் ஆயிருச்சுன்னாங்க. ஊரே கூடிப் பொங்க வச்சோம். நானும்தான் வச்சேன். இல்லைங்கல.

அந்த வாரக் கடைசியில கிரிதர் தம்பி வந்துச்சு. சுண்ணாம்புக் கோட்டப் பாத்துட்டுத்தான் வந்திருக்கு. சோறு எறங்கல. ‘அக்கா, தார் வந்தா நாங்க வர மாட்டோம்க்கா. எங்களுக்குப் பதிலா காரு வரும், பின்னாலயே ரிசார்ட்டு வரும், பாட்டிலு வரும், யானை எறங்க எடம் இருக்காது. தார் இல்லாத காடு இனி எங்கக்கா இருக்கு?’ன்னுச்சு. அது பொய்யில்ல தம்பி. பக்கத்து மலையில பாத்தோம்ல. அந்தப் பிள்ளையக் கெட்டவன்னு நான் சொல்லவே மாட்டேன். அது காட்டுக்குத்தான் பேசுச்சு. டோலிய அது கண்ணால பாத்ததில்ல. நானும் அதுகிட்டச் சொன்னதில்ல. சாப்பிட வந்த பிள்ளகிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?

அடுத்த தடவ ஒரு பேப்பரோட வந்துச்சு. மேலதிகாரிங்களுக்கு மனு. ஊர்க்காரங்களே கையெழுத்துப் போட்டாத்தான் மதிப்புன்னுச்சு. நான் வாங்கி வச்சுக்கிட்டேன்.

இந்தப் பலா மரத்தடியிலதான் ஊரக் கூட்டி வாசிச்சேன். காட்டுல குப்பை போடக் கூடாது. யானைத் தடத்த மறிக்கக் கூடாது. ஓடையில தண்ணி உறிஞ்சக் கூடாது. பழைய மரங்கள வெட்டக் கூடாது. நல்ல விசயந்தானே? எல்லாரும் தலையாட்டுனாங்க. குருவம்மா கேட்டா, ‘அம்புட்டுதானாக்கா?’ அம்புட்டுதான், வையின்னேன். அவளுக்கு எழுதத் தெரியாது. பெருவிரல மையில தொட்டு வச்சா. அவளப் பாத்து மத்தவங்களும் வச்சாங்க. நாப்பத்தோரு பேரு.

அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கு முழுசாத் தெரியாது தம்பி. சர்க்கார் பாசைல வளைச்சு வளைச்சு எழுதியிருந்துச்சு. அவசரத்துல வாசிச்சேன். எனக்கென்ன வக்கீல் படிப்பா?

காப்பி வைக்கட்டா? கொஞ்ச நேரம் ஆகட்டும், சரி.

சுகந்தி குருவம்மா மக. பெத்தது அவ, தூக்கி வளத்தது நான். பெரியம்மா பெரியம்மான்னு என் இடுப்புலதான் கெடப்பா. எழுத்துச் சொல்லிக் குடுத்தது நான்தான், தன் பேரு போடுறதுக்கு முந்தி என் பேர எழுதக் கத்துக்கிட்டா. கீழ ஊர்ல கட்டிக் குடுத்தோம். நல்ல மாப்பிள்ளை, மெக்கானிக்குப் பட்டறை வச்சிருக்காரு, வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. அவ முழுகாம இருக்கான்னு சேதி வந்தப்ப நான் ஊரு பூராம் கருப்பட்டி குடுத்தேன்.

ஆவணியில வளைகாப்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே. ஆனா மாப்பிள்ளை வீட்டுல, ‘ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, இங்கயே வச்சுக்கிறோம், நீங்க வந்து பாத்துக்கங்க’ன்னாங்க. நல்ல மனுசங்க. குருவம்மாதான் விடல. சுகந்தியக் கூட்டியாந்து உக்கார வச்சிட்டா. அன்னைக்கு நான் பெரிய சட்டியில சக்கரைப் பொங்கல் கிண்டிக்கிட்டு இருக்கேன், அவ வந்து பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்றா: ‘அதான் ரோடு வருதேக்கா. ஐப்பசிக்குள்ள போட்டுருவாங்கன்னு அளந்த பையன் சொன்னான்ல. நம்ம சுகந்தி கார்ல போயி கார்ல வரும் பாரு.’

வாயெடுத்தேன் தம்பி. சத்தியமா வாயெடுத்தேன். அதுக்குள்ள பொங்கல் அடி பிடிச்சிருச்சு. வளைகாப்புக்கு வந்தவங்களுக்கு அடி பிடிச்ச பொங்கலப் போட முடியுமா? கிண்டிக்கிட்டே இருந்துட்டேன். அப்புறம் வளையல் போட ஆரம்பிச்சுட்டாங்க, பாட்டு, சிரிப்பு. அந்த நேரத்துல போயி என்னத்தச் சொல்ல? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மறுநா உங்காளுங்க பத்துப் பேரு சாப்பிட வந்துட்டாங்க.

ஐப்பசி பொறந்ததும் அடைமழை. நாளைக்குக் கீழ எறக்கிரலாம், நாளைக்கு எறக்கிரலாம்னு குருவம்மா வானத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. பிரசவத்துக்குச் சொன்ன நாளுக்கு இன்னும் இருபது நா இருந்துச்சு. ஒரு சனிக்கிழமை விடிஞ்சும் விடியாம அவ வீட்டுக்காரரு தவசி வந்து கதவத் தட்டுறாரு. ‘மதினி, வலி கண்டுருச்சு.’

டோலி கட்டுனோம். நான்தான் முன்னால. நானும் இன்னும் மூணு பொம்பளைங்களும். பாதையெல்லாம் தண்ணி, கல்லு எது குழி எதுன்னு தெரியல, தடவித் தடவிப் பொறுக்குறேன். பின்னால டோலியில சுகந்தி முனகுறா. ரெட்டைப்பாறை ஓடையில இடுப்பளவு தண்ணி. வடியட்டும்னு ஒரு மணி நேரம் நின்னோம். மழையில நின்னோம் தம்பி. அவளுக்கு மேல வாழை எலையப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்.

ஓடையத் தாண்டி கொஞ்ச தூரத்துல எதுக்கால ரெண்டு சைக்கிளு. கிரிதர் தம்பியும் இன்னொரு பிள்ளையும். மழைன்னா அவங்களுக்குக் குஷி, சேறு இருக்கும்ல. எங்களப் பாத்ததும் கிரிதர் தம்பி அப்பிடியே நின்னுருச்சு. போட்டிருந்த மழைக்கோட்டக் கழட்டி டோலி மேல போட்டுச்சு. ‘ஆம்புலன்ஸ் கூட்டியாறேன்க்கா’ன்னு சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போச்சு. முப்பது நிமிசத்துல அய்யன்பாறைக்குப் போயிருக்கு. சொன்ன மாதிரி ஆம்புலன்ஸும் வந்து நின்னுச்சு, தார் முடியுற எடத்துல. அதுக்கு மேல அது எப்பிடி வரும்?

சுகந்தி கேட்டா, ‘இன்னும் எம்புட்டுத் தூரம் பெரியம்மா?’ வந்துருச்சுடா தங்கம், அடுத்த வளைவுதான்னேன். மூணு மைல் கெடந்துச்சு.

நாவ மரத்து வளைவுல டோலிய எறக்கச் சொல்லிட்டா. அதுக்கு மேல முடியல. உங்காளுங்க நின்னு போட்டோ எடுப்பாங்களே, பள்ளத்தாக்கு பூராம் தெரியும்னு, அந்த எடந்தான். ஆம்பளைங்க திரும்பி நின்னுக்கிட்டாங்க. பிள்ள என் மடியிலதான் விழுந்துச்சு. பொட்டப்பிள்ள. நல்லாத்தான் கத்துச்சு. ஆனா சுகந்திக்கு ரத்தம் நிக்கல. இருந்த துணியெல்லாம் வச்சு அமுக்குனோம். என் சேலையக் கிழிச்சு அமுக்குனேன். மழை பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அது பாட்டுக்குக் கழுவிக்கிட்டே இருந்துச்சு. குருவம்மா அவ தலைய மடியில வச்சுக்கிட்டு, ‘வந்துரும்டா, காரு வந்துரும்டா’ன்னே சொல்லிக்கிட்டு இருந்தா. ஆஸ்பத்திரியில இருந்திருந்தா ஒரு ஊசில நின்னிருக்குமாம். அப்புறம் சொன்னாங்க.

இருங்க. கண்ணுல ஒண்ணும் இல்ல. அடுப்புப் புகை.

காரியம் முடிஞ்சு, கார்த்திகை கடைசியில தவசி கீழ ஆபீசுக்குப் போனாரு. ரோடு ஏன் வரலைன்னு கேக்க. அங்க ஒருத்தரு பைல எடுத்துப் பாத்துட்டு, ‘என்னய்யா, உங்க ஊர்க்காரங்களே வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, அதான் அந்தப் பணம் வேற ஊருக்குப் போயிருச்சு’ன்னு சொல்லி, அந்த மனுவ ஒரு நகல் எடுத்துக் குடுத்து விட்டிருக்காரு. தவசிக்கும் வாசிக்கத் தெரியாது. ஊர்ல வாசிக்கிறது யாரு? அன்னக்காமு. ரெண்டு பேரும் பேப்பரத் தூக்கிக்கிட்டு எங்கிட்டத்தான் வந்தாங்க.

இதே எடத்துலதான் உக்காந்தாங்க. குருவம்மா மடியில பிள்ள தூங்குது. ‘வாசிக்கா’ன்னா.

வாசிச்சேன். குப்பை. யானைத் தடம். ஓடை. மரம். நிறுத்திட்டேன். அம்புட்டுதான்னேன்.

குருவம்மா கைய நீட்டுனா. அப்புறம் பேப்பர வாங்கி, அவ கைநாட்டத் தேடிக் கண்டுபிடிச்சு, அதுல இருந்து மேல விரல வச்சு எண்ணுனா. ‘அன்னைக்கும் நாலு எடத்துலதான் நிறுத்தி மூச்சு விட்ட. இப்பவும் நாலுதான். இதுல அஞ்சு இருக்கேக்கா. அஞ்சாவது என்ன?’

எழுதத் தெரியாதவ தம்பி. ஆனா வரி எண்ணத் தெரிஞ்சிருக்கு.

வாசிச்சேன். வேற என்ன செய்ய? ‘ஆகவே, மூங்கப்பள்ளம் வரை தார்ச்சாலை அமைக்கும் திட்டத்தைக் கைவிடுமாறு ஊர் மக்களாகிய நாங்கள் வேண்டிக்கொள்கிறோம்.’ பாத்து வாசிக்கல தம்பி. பேப்பர் அவ கையிலதான் இருந்துச்சு. எனக்கு மனப்பாடமா வந்துச்சு.

தவசி ஏதோ வைய வாயெடுத்தாரு. குருவம்மா அவரு கையப் பிடிச்சு எந்திரிக்க வச்சா. பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. வையல, மண்ண வாரித் தூத்தல. அன்னைக்குப் போனவதான்.

வஞ்சிருக்கலாம். ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன், அக்கா தங்கச்சிக்குள்ள என்ன இருக்கு. இப்பிடி ஊமையா இருந்து கொல்றதுக்கு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல. நானும் ரோசக்காரிதான். நீ பேசாட்டிப் போன்னு கொஞ்ச நா இருந்து பாத்தேன். அந்தப் பிள்ள அழுதுச்சுன்னா மட்டும் என்னால இங்க இருக்க முடியாது. பதினோரு மாசம் ஆகுது, இப்பத் தவழுது. என் மடியில விழுந்த பிள்ள, அந்தப் பேப்பர வாசிச்ச நாள்ல இருந்து தொடக் குடுக்கல. போன மாசம் ராவும் பகலும் காய்ச்சல் அதுக்கு. தவசி மூங்கில எடுத்து வாசல்ல சாத்தி வச்சதப் பாத்தேன். மறுநா காய்ச்சல் விட்டுருச்சு, சாமி புண்ணியம். மூங்கில இன்னும் உள்ள எடுத்து வைக்கல. அந்தா, சாத்துனபடியே இருக்கு பாருங்க.

அந்தக் காய்ச்சல் அன்னைக்கு விடியக்காலையில ஆரம்பிச்சதுதான் கல்லு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்நேரம் எறங்க வேண்டி வருமோ, பாதையாச்சும் சுத்தமா இருக்கட்டும்னு பொறுக்க ஆரம்பிச்சேன். இப்பத் தெனம் போறேன். வெள்ளன எந்திரிச்சுப் போனா வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு பர்லாங்கு முடிச்சுருவேன். மழை பேஞ்சா திரும்பக் கல்லு எழும்பிரும், திரும்பப் பொறுக்கணும். நாவ மரத்து வளைவு வரைக்கும் முடிச்சாச்சு. உங்காளுங்க கோவிச்சுக்கிறாங்க, சரளையெல்லாம் போயிருச்சு, ஓட்டுறதுல ருசியே இல்லைன்னு. கோவிச்சுக்கட்டும். ஊர்லயும் திட்டுறாங்க, டோலி இல்லாமக் கல்லத் தொடுறாளே, யாரக் கொண்டுபோகப் போறாளோன்னு. கிரிதர் தம்பியும் அந்த மழை நாளுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வரல. ஒரு தடவ போன் பண்ணுச்சு. ‘ஏன்க்கா எங்கிட்ட டோலியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல?’ன்னு கேட்டு அழுதுச்சு.  சாப்பிட்டியாப்பான்னு கேட்டேன்.

ஆனா ஒண்ணு தம்பி. போன செவ்வாக்கிழமை நான் ஓடைக்கிட்ட குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருக்கேன், குருவம்மா விறகுக் கட்டோட வர்றா. பாதையில எடம் இல்ல, என்னையத் தாண்டித்தான் போகணும். நின்னா. பத்து மாசத்துக்கு அப்புறம் அவ சத்தத்தக் கேட்டேன். ‘பின்னால யாரு வர்றா, நீ முன்னால கல்லுப் பொறுக்குற?’ன்னா. நான் நிமிர்றதுக்குள்ள போயிட்டா.

பேசிட்டால்ல தம்பி? என்ன பேசுனா என்ன, பேசிட்டால்ல? நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அவ கேட்டதுக்கு நானும் பதில் எழுதிட்டேன். இந்தாங்க, இந்தப் பேப்பர்தான். கை தொடைச்சுட்டு வாங்குங்க, எண்ணெய் படப் போகுது. ரோடு வேணும்னு மனு. மூணு நா உக்காந்து நானே எழுதுனேன். தார் போட்டா நீங்கள்லாம் வர மாட்டீங்கன்னு தெரியும். என் பேருக்கும் வேலை இருக்காது. பரவால்ல. எழுதி என்ன செய்ய? ஊர்ல ஒரு கையெழுத்து விழல. நான் வாசிச்சா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க தம்பி. ‘உள்ளுக்குள்ள என்ன எழுதியிருக்காளோ’ன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க. ரேசன் கடை நோட்டீசக்கூட இப்ப எங்கிட்டக் கொண்டு வர்றதில்ல.

அதனால நீங்க வாசிக்கணும். வெளியாளு வாசிச்சா கேப்பாங்க. இதுலயும் அஞ்சு வரிதான். மொத நாலுல டோலி, ஓடை, நாவ மரம், சுகந்தி. அஞ்சாவதுல, போன வருசம் ஊர்க்காரங்க கைநாட்டு வச்சது அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னு தெரியாமத்தான்னு எழுதியிருக்கேன். தெரிஞ்சது எனக்கு மட்டுந்தான்னும், தெரிஞ்சே மறைச்சேன்னும் எழுதி, கீழ என் பேரப் போட்டிருக்கேன்.

காப்பி அப்புறம் குடிக்கலாம். இங்க உக்காந்துக்கிட்டு வேணாம், வாசல்ல போயி அந்த நீலக் கதவப் பாக்க நின்னுக்கங்க. அவ உள்ளதான் இருக்கா, இப்பத்தான் அம்மிச் சத்தம் நின்னுச்சு. பைய வாசிங்க, ஆனா சத்தமா வாசிங்க. நாலாவதோட நிறுத்திராதீங்க தம்பி. அவ எண்ணிக்கிட்டு இருப்பா.